ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தியப் புத்தகம்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் கொஞ்ச நாள் ஒரு புத்தகம் குடியிருந்தது. அதன்மேல் எனக்குக் கடுங்கோபம். அது வந்ததும் என் குச்சி ஐஸ்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

அத்தை எங்கள் ஊரான ஆவடியில் ஒரு சிறிய நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பிரசவ வைத்தியம் பற்றி மிகப் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று இருந்தது. வேறெங்கும் பிரதி கிடைக்காதாம். அதில் பூச்சி விழுந்துவிட்டது. மற்றவற்றுக்கும் பரவும், எரித்துவிடு என்றார் நூலகச் செயலாளர். அத்தை கெஞ்சிக் கூத்தாடி மூன்று வாரம் அவகாசம் வாங்கி, அதைக் காற்றுப் புகாத உறையிலிட்டு எங்கள் ஃப்ரீசரில் வைத்தாள். விடாமல் உறைந்திருந்தால் பூச்சி செத்துவிடும். நடுவில் குளிர் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் ஆவடி முழுக்கப் பகலெல்லாம் கரண்ட் இருக்காது என்றார்கள். அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா தொழிற்சாலைக்கு லீவு போட்டார். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே புத்தகம். ஸ்கூட்டரில் முன்னால் நான், பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அத்தை. பூந்தமல்லியில் அப்பாவுக்குப் பழக்கமான ஐஸ்கிரீம் கடை பாயிடம் போனோம்.

ஐஸ் பெட்டி நிறையச் சரக்கு கிடக்கிறது, புத்தகம் வைக்க இடத்துக்கு எங்கே போவது என்று பாய் கையை விரித்தார். கிளம்பும் நேரத்தில் சும்மா கேட்டு வைத்தார்.

“இன்னா புக்குமா அது?”

“புள்ள பெறும்போது தாயை எப்படிக் காப்பாத்துறதுன்னு அந்தக் காலத்துல எழுதினது பாய்.”

“என்னைப் பெத்த அன்னிக்கே எங்கம்மா மவுத்தாயிட்டாங்க” என்றார் பாய். பிறகு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தார்.

வேறு பெட்டியில் அடங்காததெல்லாம் தெருப் பிள்ளைகளுக்கு. எனக்கும்தான். அப்படியொரு மத்தியானம் என் வாழ்நாளில் வந்ததில்லை. நாக்கு மரத்துப்போகும் வரை தின்றேன். அத்தைகூட முகவாயெல்லாம் சாக்லேட்டாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மிச்ச நாளும் புத்தகம் அங்கேயே இருந்தது. கடைசியில் வெள்ளைத் தாளின்மேல் அதைப் பிரித்து உதறியபோது, செத்த பூச்சிகள் மிளகுத் தூளாக உதிர்ந்தன. எரிக்கச் சொன்ன செயலாளரே கண்ணாடி அலமாரி வாங்கிக் கொடுத்தார். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

மாட்டேன் என்ற பாய் அன்று மனம் மாறியது எதனால் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்ற என் முகத்தைக் கண்டு அவர் இரங்கிவிட்டார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.