கூட வந்தவர்

போன மாதம் வவுனியாவில் ஒரு பல் வைத்தியரின் அறைக்கு வெளியே, உள்ளங்கையில் ஒரு குளிசையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயத்தைத் தணிக்கும் குளிசை. விழுங்கி ஒரு மணித்தியாலம் கழித்துக் கதிரையில் ஏறினால் பாதி உறக்கம்போல இருக்கும். எனக்கு இது புதிதல்ல. நானும் பல் வைத்தியனாக இருந்தவன்தான். இதே குளிசையை ஒரு பெண்ணுக்குக் கொடுக்காமல் விட்டவன்.

யுத்தம் முடிந்த பின்வந்த வருடங்களில், வன்னியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் நான் ஒருவனே வைத்தியன். காலையிலேயே நோயாளர் உட்காரும் வாங்குகள் நிறைந்துவிடும். பயந்து வருபவர்களில் அநேகருக்கு விறைப்பு ஊசியும் இரண்டு நல்ல வார்த்தையும் போதும். அதற்கும் அடங்காதவர்களுக்குக் குளிசை. மூக்கால் இழுக்கும் வாயு கொழும்பில் இருப்பதாகச் சொல்வார்கள். முழு மயக்கம் கொடுப்பதென்றால் அதற்கான வைத்தியர் வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே எங்களுக்குக் குளிசைதான். அதற்கொரு விதி இருந்தது: விழுங்கியவர் தனியே வீடு திரும்பக்கூடாது, கூட ஒருவர் வரவேண்டும். நல்ல விதி. பஸ்ஸில் தூங்கி விழுந்தால் யார் பொறுப்பு?

அந்த அம்மா பூவரசங்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. நான் கதிரையைச் சாய்த்ததும் இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மல்லாந்து படுத்தா மூச்சு நின்னுருதுங்கய்யா. பங்கருக்குள்ள மண்ணு மூடினதுலேருந்து இப்பிடித்தான்."

"சரி, குளிசை தாறன். கூட ஆர் வந்தது?"

"யாருமில்லீங்க."

"வீட்டில ஆர் இருக்கினம்?"

"அவங்க எல்லாம் அந்த பங்கரோட போயிட்டாங்கய்யா."

சீழுக்கு மருந்து எழுதிக்கொடுத்து, அடுத்த கிழமை ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ என்று அனுப்பினேன்.

கூட்டிக்கொண்டுதான் வந்தார். தோளில் துவாய், கையில் விற்கும் கச்சான் கடலைக் கூடையுடன் ஒரு மனிதர். மாமா மகன் என்றார் அந்த அம்மா. குளிசைக்குத் துண்டும் எழுதிவிட்டேன். பிறகு ஏனோ சந்தேகம் வந்து அந்த மனிதரிடம் கேட்டேன்: "இவவின்ர பேர் என்ன?"

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேர் தெரியாது டொக்டர். இப்பதான் பஸ் ஸ்ராண்டில கண்டனான். ஆனா வடிவாக் கொண்டுபோய் வீட்டில விடுவன். கச்சானும் முடிஞ்சுது, எனக்கென்ன வேலை?"

வாங்கிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். குளிசைத் துண்டில் குறுக்கே கோடு கீறினேன்.

"என்னைப் பேக்காட்டவோ வந்தனீங்கள்? சொந்தக்காரரோட வாங்கோ. இல்லாட்டி குளிசை இல்லாமல் ஏறி இருங்கோ."

அந்த அம்மா கதிரையைப் பார்த்தார். "மன்னிச்சிருங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். கச்சான்காரர் மட்டும் வாசலில் நின்று, "பாவமெல்லோ டொக்டர்" என்றார். நான் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

பத்து நாட்கள் கழித்து அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாடையிலிருந்து கழுத்துவரை வீங்கியிருந்தது. மூச்சு நின்றுவிடும் என்று பயந்தவர், அன்றிரவு வார்ட்டில் மூச்சடைத்தே இறந்தார். உடலை எடுக்க அயலவர்கள் வந்தபோது, இவர்களில் ஒருவரை அன்றைக்குக் கூட்டி வந்திருக்கலாமே என்று நினைத்தேன். குற்றத்தை இறக்கிவைக்க இடம் தேடியிருக்கிறேன். அவர்களில் ஒரு பெண், நான் கேட்காமலே சொன்னார்: "கூப்பிட்டாங்கய்யா. வெங்காயம் எடுக்கிற நேரம், நாங்கதான் போகல." சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை. யாரும் என்னை விசாரிக்கவும் இல்லை. விதிப்படி நடந்தவனை எதற்கு விசாரிப்பார்கள்?

ஆனால் விதியில் சொந்தக்காரர் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பொறுப்பான ஒருவர் என்றுதான் இருந்தது. சொந்தம் என்பதை நான் சேர்த்தேன். அதையும், எல்லாச் சொந்தத்தையும் மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்த ஒருவரிடம் கேட்டேன். பின்னேரம்வரை அவரை ஒரு வாங்கில் படுக்கவைத்திருக்கலாம். அந்தக் கச்சான்காரரோடு அனுப்பியிருக்கலாம். நாலு பேர் சிரித்ததற்காகச் செய்யவில்லை.

இப்போது மனைவி இல்லை. பிள்ளைகள் கனடாவில். போன மாதம் என் பல்லைப் பிடுங்கவேண்டி வந்தபோது, கதிரையைக் கண்டதும் எனக்கே வியர்த்துக் கொட்டியது. இளம் டொக்டர் குளிசையை எடுத்துவைத்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, கூட ஆர் வந்தது?"

என்னைக் கொண்டுவந்து இறக்கிய ஓட்டோக்காரர் வாசலில் நின்றார். அவரைக் காட்டினேன்.

"சொந்தமோ?"

"ஓம் பிள்ளை."

பெயரைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. டொக்டர் கேட்கவில்லை. குளிசையை என் கையில் வைத்தார்.

வெளியே வந்து நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விழுங்கினேன். பல்லும் எடுத்தாயிற்று. வீட்டு வாசல் படலையடியில் ஓட்டோக்காரர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "மெல்ல, ஐயா. நீங்கள் உள்ள போகுமட்டும் நிக்கிறன்."

நின்றார்.