காலைத் தூக்கினால் கிளம்பும் வேன்

வேன் அக்காவின் வலது காலுக்குத் தெருவில் தனி மரியாதை உண்டு. பதினேழு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்தப் பழைய வேனில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் காலைக் குளிரில் அப்படி அழிச்சாட்டியம் பண்ணும். சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்து, கெஞ்சி, திட்டி, கால் மணி நேரம் மல்லுக்கட்டினால்தான் கிளம்பும். தலைமையாசிரியை பொறுமை இழந்துவிட்டார். இனி ஒரு நாள் தாமதமானாலும் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிடுவாராம். அந்தப் பிள்ளைகளின் கூச்சல் இல்லாவிட்டால் அக்காவுக்குப் பொழுதே விடியாது.

விடுமுறையில் அவள் தம்பி, மெக்கானிக், வேனைப் பிரித்தான். கார்புரேட்டரைக் கழற்றிக் கடாசிவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர், டேங்குக்குள் பம்ப், எல்லாவற்றுக்கும் உத்தரவு போட ஒரு குட்டி கம்ப்யூட்டர் என்று மாட்டினான். பத்துத் தடவை சாவி போட்டுப் பார்த்தான். பத்துத் தடவையும் உடனே கிளம்பியது.

பள்ளி திறக்கும் நாள். எதற்கும் இருக்கட்டும் என்று அக்கா அரை மணி நேரம் முன்பே வரச் சொன்னதில், தெருப் பிள்ளைகள் ஆறு பேரும் ஏறியாயிற்று. அக்கா சாவியைத் திருப்பினாள். வேன் முனகியதே தவிர, கிளம்பவில்லை.

"பாவி! இருந்த வண்டியையும் கெடுத்துட்டியேடா!"

தம்பி பனியனோடு ஓடி வந்து திருப்பினான். சட்டென்று கிளம்பியது. பெருமையாக அணைத்துவிட்டு இறங்கினான். அக்கா ஏறினாள். மறுபடி முனகல்.

"உன்னைப் பார்த்தா மட்டும் பல்லை இளிக்குது!"

தம்பி குனிந்து பார்த்தான். அக்காவின் கால் ஆக்ஸிலரேட்டரை நசுக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அதை முழுசா மிதிச்சுட்டு சாவி போட்டா, இன்ஜின்ல பெட்ரோல் அதிகமாயிடுச்சுன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திடும். காலை எடு."

"எடுத்துட்டேன்டா!"

"எங்க எடுத்த? பாரு!"

கை சாவிக்குப் போனதும் கால் தானாகப் பெடலுக்குப் போய்விடுகிறது. பதினேழு வருஷப் பழக்கம், சொன்னால் கேட்குமா? மணி வேறு ஓடுகிறது. கடைசியில் அக்கா இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வேன் கிளம்பிவிட்டது! சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

பள்ளிக்குப் போனால் கேட்டே திறக்கவில்லை. தலைமையாசிரியை வந்து கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரம் வந்தா நான் என்னம்மா பண்றது?" என்று சிரித்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கால்களை மடக்கிச் சாவியைத் தொட்டாள். பின்னால் சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தாள். அத்தனை பிள்ளைகளும் சம்மணம் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க எல்லாரும் காலைத் தூக்கிட்டோம், வேன் அக்கா! இப்ப போடுங்க!"