யாரு வூட்டுப் பிள்ளை

திருமானூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு யாரும் இளையபெருமாளைத் தேடி வருவதில்லை. ஆதார் திருத்தம், வருமானச் சான்று, தேர்வுக் கட்டணம் என்று வருகிறார்கள். அவன் செய்து கொடுக்கிறான். பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்தவன். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆப் எழுதும் வேலையில் இருந்தான். அப்பாவுக்கு வாதம் வந்தபோது ஊருக்கு வந்தான். அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் கரும்பு வெட்டு என்றான், அப்புறம் கடை என்றான். உண்மையில் கம்பெனி அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டது.

ஜெராக்ஸ் மிஷினை மனைவி ஜெயசுதா பார்த்துக்கொள்கிறாள். இருக்கும் ஒரே கணினியின் முன்னால் அவன் உட்கார்ந்திருப்பான். வாடிக்கையாளர் இல்லாதபோது 'முறை'யை எழுதினான்.

'முறை' அவன் செய்த ஆப். சம்பா கதிர் முற்றியதும் கொள்ளிடக் கரை ஊர்களில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் அறுவடை மிஷின் வேண்டும். புரோக்கர்கள் விவசாயிகள் பெயரைச் சொல்லி முன்னாலேயே வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு கூடுதல் விலைக்கு விடுவார்கள். இளையபெருமாளின் ஆப்பில் அது நடக்காது. பதிவு செய்கிறவரிடம் அது மூன்று கேள்வி கேட்கும். எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வூட்டுப் பிள்ளை. பதில் அவனுடைய போனுக்கு வரும். தெரிந்த வீடென்றால் உடனே திறந்துவிடுவான். தெரியாவிட்டால் அந்த ஊரில் ஒருவருக்குப் போன் போட்டு விசாரிப்பான். அதற்குப் பிறகுதான் உள்ளே விடுவான். இப்படி ஒன்று உலகத்தில் எந்த ஆப்பிலும் இல்லை என்பது அவன் எண்ணம். அது சரிதான்.

ஆனால் 'முறை' போனில் ஆப் இறக்குகிற ஸ்டோரில் இல்லை. தெரிந்த விவசாயிகள் சிலருக்கு வாட்ஸாப்பில் அனுப்பி வைத்திருந்தான். மிஷின் உரிமையாளர் சங்கத்தின் தலைவி புஷ்பவல்லி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவளிடம் மூன்று மிஷின்கள் இருந்தன. சுற்று வட்டாரத்தில் மற்றவர்களுடைய மிஷின்களும் அவள் சொல்கிற வயலுக்குத்தான் போகும்.

"வாட்ஸாப்புல வர்ற பைல எல்லாம் எங்காளுவ தொட மாட்டானுவ தம்பி. பேங்குல இருக்கறது போயிடும்ங்கறானுவ. ஸ்டோர்ல வரட்டும். பொங்கலுக்குள்ள வந்துட்டா ஒன்னையும் பாக்கறோம். இல்லன்னா அந்த ஏலாக்குறிச்சிப் பொண்ணுது இருக்குல்ல, அதையே வெச்சிக்கிறோம்."

ஏலாக்குறிச்சிப் பொண்ணு என்றது விண்ணரசியை.

பாலிடெக்னிக்கில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். இவனும் விண்ணரசியும் ஒரே கணினி. அவள் சந்தேகம் கேட்பாள், இவன் சொல்வான். அவனுக்கு அப்படித்தான் நினைவு. இப்போது அவள் கல்யாணமாகி அரியலூரில் இருக்கிறாள். அவள் செய்த ஆப்பின் பெயர் 'வண்டி வருது'. அதுவும் அறுவடை மிஷினுக்குத்தான். அனுப்பிய முதல் தடவையே ஸ்டோரில் ஏற்றுக்கொண்டார்கள்.

தினமும் காலையில் எழுந்ததும் அவன் ஸ்டோரைத் திறந்து 'வண்டி வருது'வை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பான்.

"பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி அவ மூஞ்சில முழிக்கிறீங்க," என்றாள் ஜெயசுதா.

"மூஞ்சி இல்லடி. ஆப்பு."

"நீங்க பாக்கறது எனக்குத் தெரியாதா?"

'முறை'யை ஸ்டோருக்கு முதலில் அனுப்பியபோது, மக்களிடம் வாங்கும் விவரங்களை என்ன செய்கிறாய் என்று எழுதிய பக்கம் இல்லை என்று திருப்பினார்கள். எழுதிச் சேர்த்தான். அடுத்து, அறுவடைக்கான ஆப்புக்கு ஒருவருடைய போனில் உள்ள எல்லா எண்களும் எதற்கு என்று கேட்டார்கள். பதிகிறவரை ஊரில் யாருக்குத் தெரியும் என்று பார்க்கத்தான் அதைக் கேட்டிருந்தான். எடுத்துவிட்டான். அதற்கடுத்து, காட்சிக்கு வைத்த படத்தில் ஏதோ கம்பெனி மிஷினின் முத்திரை இருக்கிறது என்றார்கள். புஷ்பவல்லியின் மிஷினை முத்திரை தெரியாமல் பின்பக்கத்திலிருந்து படம் எடுத்துப் போட்டான்.

ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் விண்ணரசியின் ஆப்பில் அது எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்தான். பக்கம் இருந்தது. எண்களைக் கேட்கவில்லை. படத்தில் வெறும் நெற்கதிர். தப்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அவன் 'வண்டி வருது'வைத் தன் போனில் இறக்கினான். செல்வம், கல்லங்குறிச்சி என்று பதிந்துகொண்டான். கல்லங்குறிச்சியில் அவனுக்குத் தெரிந்த செல்வம் யாரும் இல்லை. ஆப் எதையும் விசாரிக்காமல் உள்ளே விட்டது. ஒவ்வொரு பக்கமாகப் போனான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. அதே பெயரில், அதே ஊர் போட்டு, ஸ்டோரில் ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதினான்: 'ஈர வயலில் டயர் மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் இறங்கும். பெல்ட்டா டயரா என்று ஒரு கேள்விகூட இல்லை. வயலைப் பார்க்காதவர்கள் செய்த ஆப்.'

அன்று சாயங்காலம் ஜெயசுதாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினான்.

"என்னங்க, ஸ்டோர்ல வந்துடுச்சா?"

"வரும்."

முத்திரைப் படத்தை மாற்றி அனுப்பிய மறுநாள் அவன் போனுக்கு ஒரு பதிவு வந்தது. பெயர்: டெஸ்ட் யூசர். ஊர்: டெஸ்ட். தெரு: டெஸ்ட். யாரு வூட்டுப் பிள்ளை என்ற இடத்தில் ஏபிசி என்று இருந்தது.

இளையபெருமாள் சிரித்தான். கல்லங்குறிச்சியில் ஒரு செல்வத்தை உண்டாக்கியவனுக்கு டெஸ்டில் ஒரு யூசரை உண்டாக்கியது யார் என்று தெரியாதா? ஒரு பொய்ப் பெயரை ஒழுங்காக வைக்கக்கூட விண்ணரசிக்கு வரவில்லை. தடை செய்தான். அதற்கடுத்த நாள் ஸ்டோரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆப்பின் உள்ளே நுழைய முடியவில்லை, சோதிப்பவருக்கு ஒரு கணக்கு தரவும் என்றிருந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. விவசாயிகள் எல்லாரும் நுழைகிறார்கள், இவர்களுக்கு மட்டும் முடியவில்லையாம். 'கணக்கு தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பதியலாம்' என்று எழுதித் திரும்ப அனுப்பினான்.

மறுபடி டெஸ்ட் யூசர் வந்தான். மறுபடி தடை செய்தான். மறுபடி ஆப் திரும்பி வந்தது. மார்கழி பாதி போய்விட்டது. மூன்றாவது முறை டெஸ்ட் யூசர் வந்தபோது தடை செய்ததோடு நிற்காமல் ஒரு செய்தியும் அனுப்பினான்: 'ஊர் பேர் சொல்லத் தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை.' ஆங்கிலத்திலும் எழுதினான். அவளுக்கு ஆங்கிலத்தில் பெருமை உண்டு.

அந்த வாரமும் ஆப் திரும்பி வந்தது. புஷ்பவல்லியின் ஆள் கடைக்கு வந்து, "அக்கா கேக்கச் சொன்னிச்சு. ஆயிடுச்சா?" என்றான். ஆகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு இளையபெருமாள் விண்ணரசிக்குப் போன் செய்தான். ஜெயசுதா ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினாள்.

"யாரு, பெருமாளா? என்னப்பா அதிசயம்!"

"ஒனக்கு வேற வேலை இல்லையா?"

"என்னாச்சு?"

"வேவு பாக்கறதுக்குப் பொய்ப் பேர்ல வர்ற. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல."

"நானா? நான் ஏன் பொய்ப் பேர்ல வரணும்? ஒன் ஆப்புல என் பேர்லதான் இருக்கேன். ஏலாக்குறிச்சி, கோயில் தெரு, ஆரோக்கியம் வாத்தியார் பொண்ணு. நீதான் உள்ள விட்ட. எங்க சித்தப்பா வாட்ஸாப்புல அனுப்புனாரு."

அவன் தேடிப் பார்த்தான். இருந்தது. வைகாசியிலேயே திறந்துவிட்டிருந்தான். வாத்தியார் வீடு என்றதும் யாரென்று பார்க்காமல் விட்டிருக்கிறான்.

"அப்ப டெஸ்ட் யூசர் யாரு?"

"எப்ப வர்றான்?"

"நான் ஸ்டோருக்கு அனுப்புன மறுநாளு."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. நெடுநேரம் சிரித்தாள்.

"பெருமாளு, அது ஸ்டோர்காரன்ப்பா. ஆப்ப சோதிக்கிறவன். அவனப் போயி யாரு வூட்டுப் பிள்ளைன்னு கேட்டியா?"

அவன் தடை செய்தவர்களின் பட்டியலைத் திறந்தான். மூன்று டெஸ்ட் யூசர்கள் இருந்தார்கள்.

"தொரத்தியும் விட்டியாக்கும்?"

"ஆமா."

"ஏதாச்சும் திட்டுனியா?"

"இல்ல."

"நல்ல வேளை. ஒண்ணு செய்யி. அவனுக்குன்னு ஒரு கணக்க நீயே போட்டு, நீயே தொறந்துவிட்டு, அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் அனுப்புற எடத்துல எழுதி வெச்சிரு. ரெண்டு நாள்ல வந்துடும்." பிறகு, "அப்புறம், கல்லங்குறிச்சியில செல்வம்னு ஒருத்தர் இருக்காரு. ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"எனக்கு ஒத்த ஸ்டார் போட்டாரு. ஆனா வெவரமான ஆளு. பெல்ட்டா டயரான்னு கேக்கச் சொன்னாரு. சேத்துட்டேன். எங்கயாச்சும் பாத்தா நன்றி சொன்னேன்னு சொல்லு."

போனை வைத்தான். வாரக்கணக்காக அவனுக்குப் புலப்படாதது அவளுக்கு ஒரு போன் பேச்சில் தெரிந்துவிட்டது. தான்தான் ஸ்டோர்காரனைத் துரத்தினோம் என்பதைவிட இதுதான் அவனுக்கு வலித்தது.

"என்னவாம்?" என்றாள் ஜெயசுதா.

"ஒண்ணுமில்ல. சந்தேகம் கேட்டா."

ஜெயசுதா அவனைப் பார்த்துவிட்டு மிஷினைப் போட்டாள்.

அவன் புதுக் கணக்கு ஒன்றைப் பதிந்தான். ஆப் தன் மூன்று கேள்விகளையும் கேட்டது. ஊர்: திருமானூர். தெரு: மேலத்தெரு. யாரு வூட்டுப் பிள்ளை? கொஞ்சம் யோசித்தான். இளையபெருமாள் என்று அடித்தான். பதில் அவன் போனுக்கே வந்தது. திறந்துவிட்டான்.

போகிக்கு முந்தின நாள் 'முறை' ஸ்டோரில் வந்தது. போனை எடுத்துக்கொண்டு புஷ்பவல்லி வீட்டுக்கு ஓடினான். அவள் கொட்டகையில் நின்று பெல்ட்டுக்கு கிரீஸ் வைப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தன் போனில் இரண்டு ஆப்பையும் இறக்கினாள்.

"ஒன்னுது என்னையே யாரு வூட்டுப் பிள்ளைன்னு கேக்குதே தம்பி."

"புரோக்கர் நொழைய முடியாதுங்கக்கா."

"சரி, போட்டேன். தொறக்கலியே?"

"என் போனுக்கு வரும். இப்பத் தொறந்து விடறேன்."

"விடியகாலம் நாலு மணிக்கு ஒருத்தன் வயல்லேர்ந்து கேப்பான். நீ தூங்கிட்டிருப்ப. என் மிஷினு நிக்குமா?" அவள் அடுத்ததைத் திறந்தாள். "இது ஒடனே தொறக்குது பாரு. புரோக்கர நான் பாத்துக்கறேன், அவன் என் வண்டிகிட்டதானே வந்தாகணும்." திரையை மேலும் கீழும் தள்ளினாள். "ஏய், பெல்ட்டா டயரான்னு கேக்குதுடா! அந்தப் பொண்ணு வயல்ல எறங்கிப் பாத்திருக்கு போல."

கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்து, "ஆமாங்க," என்றான்.

இளையபெருமாள் வாயைத் திறந்தான். 'முறை'யில் உள்ளே போய் வண்டி கேட்கும் இடத்தில் முதல் நாளிலிருந்தே அந்தக் கேள்வி இருக்கிறது. அவளுடையதில் அது வந்ததும் தன்னால்தான். இதைச் சொன்னால் கல்லங்குறிச்சி செல்வத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா."

"இந்த வருசம் அதுவே இருக்கட்டும். கோச்சிக்காத. ஒன்னுதும் நல்லாத்தான் இருக்கு."

கடைக்கு வந்தான். கூட்டம் இல்லை. ஜெயசுதா பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வாங்கப் போயிருந்தாள். ஸ்டோரைத் திறந்து 'முறை'யைப் பார்த்தான். ஒரே ஒருவர் கருத்து எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரம். 'எங்கள் ஊர் ஆட்களைத் தெரிந்தவர் செய்த ஆப். புரோக்கர் தொல்லை இல்லை. விண்ணரசி, ஏலாக்குறிச்சி.'

இரண்டு தடவை படித்தான். நாலு போட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பான்.

பிறகு 'வண்டி வருது'வுக்குப் போனான். செல்வத்தின் ஒற்றை நட்சத்திரம் அங்கேயே இருந்தது. அதன் கீழே, 'நன்றிங்க அண்ணே, சேர்த்துட்டோம்' என்று அவள் பதில். மாற்று என்ற இடத்தைத் தொட்டான். ஐந்து நட்சத்திரங்களும் காலியாக வரிசையில் நின்றன. முதலாவதைத் தொட்டான். இரண்டாவதைத் தொட்டான். விரல் மூன்றாவதின் மேல் சற்று நின்றது.

வாசலில் யாரோ, "சார், வருமானச் சான்று," என்றார்கள்.

இரண்டோடு சேமித்துவிட்டு, "உள்ள வாங்க," என்றான்.