நடு நாற்காலி

"நாற்காலின்றது குந்துறதுக்கு மாமே, தூக்குறதுக்கு இல்ல. தூக்குறவன் தூக்கினு போவட்டும். நான் நடுவுல குந்துவேன்."

ஆவடி குவார்ட்டர்ஸ் வரலாற்றில் பொறிக்கத்தக்க இந்த அறிக்கையை உத்தமன் வெளியிட்டது 1986 பொங்கல் விழாவன்று. வாடகைக் கடையிலிருந்து மீன்பாடி வண்டியில் இரும்பு நாற்காலிகள் வந்து நின்றன. இறக்க ஆளில்லாமல் தவித்த விழாக் கமிட்டி சம்பத், ஒரு கை பிடிக்கச் சொன்னான். அதற்குத்தான் இந்தப் பதில்.

உத்தமன் சொன்ன சொல் தவறாதவன். கல்லூரி குரூப் போட்டோவுக்கு அரைமணி முன்னதாகவே போய்ப் பிரின்சிபாலுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தவன். நோட்டீஸில் 'தலைமை' என்ற இடத்தில் தன் பெயர் இல்லாத விழாவுக்கு அவன் போனதில்லை. இருந்த விழாக்களும் அதிகமில்லை என்பது வேறு விஷயம். அப்பா உலகநாதன் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். முப்பது வருஷம் இரும்பு தூக்கியவர். தன் பிள்ளை காபி டம்ளருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தார். சபதம் நிறைவேறியது.

1991-இல் உத்தமன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். மறு வருஷம் வெளிநாட்டு மாணவர் விழாவை யார் எடுத்து நடத்துவது என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாரும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கையைத் தூக்கினான். விழா நடத்துகிறவன் நடுவில் உட்காருவான் என்பது ஆவடி முதல் பூந்தமல்லி வரை அறிந்த உண்மையல்லவா. அன்றே வீட்டுக்குக் கடிதம் பறந்தது. உலகநாதன் ஷிஃப்டு ஷிஃப்டாகச் செய்தியைப் பரப்பினார்.

செய்தி திருநின்றவூருக்கும் போனது. அங்கேதான் வனஜா இருந்தாள். கல்லூரிக்குப் போன இரண்டு வருஷமும் ஒரே மின்சார ரயிலில் அவள் எதிர் சீட்டில் உட்காருவதற்காகவே உத்தமன் ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரை பின்னோக்கிப் போய் ஏறியிருக்கிறான். அவள் அப்பா பக்தவத்சலம் ரிட்டையர்டு ஹெட்கிளார்க். பெண் கேட்கப் போன உலகநாதனிடம் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்:

"பையன் அங்க பெரிய ஆளுன்றீங்க. நடுவுல குந்திகினு கீற போட்டோ ஒண்ணு வரட்டும். பாத்துட்டுப் பேசலாம்."

ஆகவே உத்தமன் வாழ்க்கை ஒரு நாற்காலியில் வந்து நின்றது.

விழாவுக்கு முதல் நாள் பல்கலைக்கழக ஆபீசில் அவனிடம் ஒரு சாவி கொடுத்தார்கள். பதவிச் சின்னம் என்று எண்ணிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். சனிக்கிழமை பிற்பகல் ஹாலுக்குப் போனால் தரை காலி. நாற்காலிக்காரர்கள் வருவார்கள் என்று காத்திருந்தான். நாற்காலி என்பது தானாக வந்து விரிவது என்பதே அவன் அதுவரை கண்டிருந்த இயற்கை. சூடான் மாணவி ஜமீலா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சுவரோரம் நின்றாள். கொரியாக்காரர்கள் குடும்பத்தோடு நின்றார்கள். உத்தமன் தன் கேமராவை ஜமீலாவிடம் கொடுத்து, தான் நடுவில் உட்கார்ந்ததும் அமுக்கச் சொல்லிவைத்தான்.

அப்போது டீன் வந்தார். பொன்னாடை போர்த்த உத்தமன் மடித்து வைத்திருந்த சால்வை அவருக்குத்தான். அவரோ சாவி எங்கே என்று கேட்டார். வாங்கிக்கொண்டு போய் மூலையிலிருந்த அறையைத் திறந்து, இரண்டு கையிலும் இரண்டிரண்டாக மடக்கு நாற்காலிகளோடு வெளியே வந்தார்.

உத்தமனுக்குக் காலடியில் பூமி பிளந்தது. டீன் நாற்காலி தூக்குவதாவது! "சார், சார்" என்று ஓடிப்போய்ப் பிடுங்கினான். டீன் பையனின் சுறுசுறுப்பை மெச்சி, நான்கையும் அவன் கையில் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு அடுத்த நான்குக்குப் போனார். அவர் தூக்கத் தூக்க இவன் பிடுங்க வேண்டியதாயிற்று. இப்படியாக எண்பது நாற்காலி. நடு, ஓரம் என்று எதுவும் தெரியாத ஜமீலா, ஒவ்வொரு தடவையும் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

மேடையில் யாரும் ஏறவில்லை. கீழே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஃபிலிமில் ஒன்றுதான் பாக்கி என்று ஜமீலா சொன்னாள். உத்தமன் அறையில் கடைசியாகக் கிடந்த ஒற்றை நாற்காலியைத் தேடி எடுத்து, மேடை நடுவில் போட்டு, கோட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தான். திருநின்றவூர் பார்க்கட்டும்.

ஜமீலா கேமராவைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கொரியாக்காரனின் தாயார், கையில் சோற்றுத் தட்டோடு, உட்கார இடம் தேடி வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது.

அந்தப் போட்டோ ஆவடிக்கு வரவே இல்லை. தை மாதம் வனஜாவுக்கும் அம்பத்தூர் பேங்க் ஆபீசர் ஒருவருக்கும் கல்யாணம் நடந்தது. அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்த படம் அனுப்பியிருந்தாராம். அதெல்லாம் பிறகு.

அன்று உத்தமன் ஜமீலாவைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினான். எழுந்தான். நாற்காலியை மடக்கி, படியிறங்கித் தூக்கிக்கொண்டு போய், அந்தம்மாவுக்குப் பின்னால் விரித்துப் போட்டான்.