பழைய இரும்பு வேனில் கேட்ட குரல்

போன வருட மழைக்காலத் தொடக்கத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில் கோப்பெங்கில் என் தங்கை வீட்டு வாசலில் வைத்து இது ஆரம்பித்தது. நடந்தது என்று எழுதத்தான் கை போகிறது. நான் செய்தது என்று எழுதுவதே சரி.

இளம் வயதில் நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். தோட்ட ஆபீசில் பேர் பதிந்து கணக்கு எழுதுகிறவரைத்தான் கிராணி என்போம். தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து ஒரு பலகைக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. சர்க்கரை நோய் கண்ணில் கை வைத்த பிறகு பேப்பர் படிப்பதும் நின்றுபோனது. வீட்டில் உட்கார்ந்து எதையாவது எண்ணிக்கொண்டும், எல்லாவற்றுக்கும் குறை சொல்லிக்கொண்டும் இருந்த சமயத்தில்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

தமிழ் எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளுக்கான தொண்டூழியர் குழு அது. ஈப்போவில் புந்தோங் பகுதியில் ஒரு டியூஷன் நிலையத்தின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடுவோம். மென்பொருளை எழுதுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் குரல் கொடுப்போம், வாசிக்க வாக்கியங்கள் எழுதித் தருவோம், விளக்கப் படங்கள் வரைவோம். குழுவை நடத்தியவர் முப்பது வயதுள்ள ஒரு பெண் பொறியாளர். எனக்குக் கொடுத்த வேலை, புதிதாக வருகிறவர்களுக்கு இது என்னவென்று விளக்குவது.

அந்த விளக்கம் எனக்கு மனப்பாடம். இது திறமூல மென்பொருள். செய்முறையோடு சேர்த்து எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். நம்மைக் கேட்க வேண்டியதில்லை. நம்மிடம் இருக்கிற எழுத்து எதுவானாலும் இந்தக் குரலில் வாசிக்கும். இதை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்றுகூட எண்ணி வைத்திருந்தேன்.

நான் கண்ணுக்குப் போகும் கிளினிக்கில் பதிவு முகப்பில் ஒரு பெண்மணி வேலை பார்க்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பெயர் கூப்பிட்டால் கூடத்தின் கடைசி நாற்காலி வரை கேட்கும். ஆனால் யாரையும் அதட்டுகிற மாதிரி இருக்காது. அந்தக் குரலுக்காகத்தான் அவரைக் குழுவுக்கு அழைத்து வந்தேன். வந்த அன்றே அவர் கேட்டார்.

"என் குரல யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமா அண்ணே?"

எடுக்கலாம் என்றேன்.

"கோயில்ல மணி வாங்கிக் கட்டிவிட்ட மாதிரிதான்லா. வாரவங்க அடிச்சிட்டுப் போவாங்க."

இவ்வளவு எளிமையாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவர் மாதக்கணக்கில் வந்து படித்தார். சத்தம் உள்ளே வராமல் இருக்க ஜன்னலெல்லாம் போர்வை தொங்கவிட்டு, காற்றாடியையும் நிறுத்திவிடுவோம். வேர்த்து ஊற்றும். மழை வந்து தகரக் கூரையில் அடித்தால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்தக் குரல் தயாரானதும் என் போனிலும் போட்டுக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு மறுபடி எனக்குப் பேப்பர் வாசிக்கக் கிடைத்தது. அவர் குரலில்.

அன்று தங்கை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பழைய சாமான் எடுக்கும் வேன் திரும்பியது. வழக்கமாக மலாயில் கத்திக்கொண்டு வரும். அன்று தமிழில் வந்தது. "பழைய இரும்பு, பழைய பேட்டரி, பழைய பேப்பர். வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்."

அவருடைய குரல். சந்தேகமே இல்லை. ஒலிபெருக்கியின் கரகரப்பில், நேரில் நின்று கூவுகிற மாதிரியே கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போர்வை கட்டி, மூச்சைப் பிடித்து, நாங்கள் பொத்திப் பொத்திச் சேர்த்த குரல் ஓட்டைப் பேட்டரி கேட்டுத் தெருவில் அலைகிறது. எவனிடமோ காசு வாங்கிக்கொண்டு போய்ப் பேசியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தங்கை எழுந்தாள். "இருண்ணே, பின்னால ஓடாத காத்தாடி ஒன்னு கெடக்கு. குடுத்துட்டு வாரேன். நீயும் வாயேன், அந்த ஆளு நல்லாப் பேசுவாரு."

நான் போகவில்லை. வேன் வாசலிலேயே நின்றது. இரண்டு எட்டு வைத்து, "இந்தக் குரல் ஏது தம்பி?" என்று கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நானோ உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த அறிவிப்பு எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே எங்கள் குழுவின் போன் அரட்டையில் எழுதினேன். நாம் இனாமாகக் கொடுத்த உழைப்பை ஒருவர் வெளியே விற்றுக்கொண்டிருக்கிறார், கோப்பெங்கில் என் காதால் கேட்டேன், குரல் கொடுத்தவரே பதில் சொல்லட்டும் என்று. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு குரல். எழுதி முடித்ததும், பிழை இருக்கக் கூடாது என்று வழக்கம்போல் போனை வாசிக்கவிட்டுக் கேட்டேன். சரியாக இருந்தது. அனுப்பினேன்.

அவரிடமிருந்து பதில் இல்லை. ஒருவர், "அக்கா இரும்புக் கடைக்குப் பார்ட்னர் ஆயிட்டாங்க போலலா" என்று கேலி எழுதினார். அதற்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சிறிது நேரத்தில் பொறியாளர் போனில் என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிள், அது அவங்க இல்ல. நம்ம மென்பொருள். அந்த வேன்காரரு எடுத்துப் போட்டிருக்காரு. ஸ்பீக்கர்ல எப்படி விடறதுன்னு எங்கிட்டதான் கேட்டாரு. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"யாரு வேணும்னாலும் எடுக்கலாம்னு வாரவங்க எல்லாருக்கும் நீங்கதானே அங்கிள் சொல்லுவீங்க? நமக்குத் தெரியாத ஒருத்தரு எடுத்துப் பொழைப்புக்கு வெச்சிருக்காரு. நான் சனிக்கிழமை இத எல்லாருக்கும் சொல்லி சந்தோஷப்படலாம்னு இருந்தேன்."

அதோடு போகவில்லை. அடுத்ததாக ஓர் ஆண் குரல் பதிவு செய்ய ஏற்பாடாகியிருந்தது. கொடுக்க இருந்தவர் ஓய்வு பெற்ற இசை ஆசிரியர். இப்படிப் பேச்சு வாங்கத்தான் குரல் கொடுக்க வேண்டுமா என்று விலகிவிட்டாராம். படம் வரைந்து தந்துகொண்டிருந்தவரும் இனி வரவில்லை என்றாராம். கூலி இல்லாமல் வருகிறவர்களைப் பிடித்து வைத்திருப்பது ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கை மட்டும்தான். அதை நான் அறுத்துவிட்டேன்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். முகப்பில் அவர்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கணினியைப் பார்த்தார்.

"ஐயாவுக்கு இன்னைக்கு டாக்டரப் பார்க்கிற நாள் இல்லீங்களே."

ஐயா. தோட்டத்தில் கிராணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நேற்றுவரை நான் அவருக்கு அண்ணன்.

சாப்பாட்டு வேளை வரை உட்கார்ந்திருந்தேன். அவர் பின்கட்டுப் படியோரம் வந்து நின்றார். நான் தப்பாக நினைத்துவிட்டதாகவும், இன்றைக்கே எல்லாரும் பார்க்கும்படி மன்னிப்பு எழுதிவிடுவதாகவும் சொன்னேன்.

"எழுதாதீங்க ஐயா."

ஏன் என்று கேட்டேன்.

"நம்ம குரூப்ல கண்ணு தெரியாதவங்க ரெண்டு பேரு இருக்காங்க. நீங்க எழுதினத அவங்க எப்படிக் கேட்டிருப்பாங்கன்னு நெனச்சீங்களா? என் குரல்லதான். நான் கள்ளின்னு நானே சொல்ற மாதிரி. அதுல ஒருத்தங்க எனக்குப் போன் போட்டு அழுதாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அனுப்பும் முன் பிழை பார்க்க நானும் கேட்டேனே. அவர்மேல் நான் சுமத்திய பழியை, வார்த்தை வார்த்தையாக, அவர் குரல்தான் எனக்கு வாசித்துக் காட்டியது. நான் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் கோபமாகப் பேசவில்லை. பெயர் கூப்பிடும் அதே நிதானத்தில் பேசினார். "எங்கப்பா ஒட்டுப்பால வெளிய வித்துட்டாருன்னு ஒரு நாள் பெரட்டுல, அத்தன பேரு நிக்கும்போது, கிராணி கேட்டாரு. இல்லன்னு அப்புறம் தெரிஞ்சிச்சு. ஆனா அத பெரட்டுல யாரும் சொல்லல." கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் படியில் வைத்தார். "குரல நான் குடுத்தாச்சு ஐயா. மணி கட்டிவிட்டாச்சு, யாரு அடிக்கிறான்னு நான் பார்க்கப் போறதில்ல. நீங்க எல்லாரு முன்னாலயும் கேட்டீங்க. எல்லாரு முன்னாலயும், உங்க வாயால சொல்லுங்க."

ஒட்டுப்பால் என்பது கோப்பையில் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பால். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. எத்தனையோ பெரட்டில் நான் பேர் கூப்பிட்டிருக்கிறேன். அந்தக் கிராணி நானில்லை, அது வேறு தோட்டம். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாடியறையில் எழுந்து நின்றேன். விலகிப் போன இரண்டு பேரையும் பொறியாளர் கெஞ்சி வரவழைத்திருந்தார். கண் தெரியாதவர்கள் இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். குரல் கொடுத்தவர் கதவோரம் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நான் எண்ணவில்லை. நான் சொன்னது பொய், விசாரிக்காமல் சொன்னேன், அவர் யாரிடமும் எதையும் விற்கவில்லை என்று சொன்னேன். பெரிசாக எதையும் பேச முடியவில்லை. முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சத்தத்தில் இனி பேசினாலும் கேட்காது என்பது எனக்கு உதவியாகவே இருந்தது.

படம் வரைகிறவர் திரும்பி வந்துவிட்டார். இசை ஆசிரியர் வரவில்லை. அந்த ஆண் குரல் இன்னும் பதிவாகவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கும் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று பொறியாளரிடம் சொன்னேன். "நீங்களே சொல்லுங்க அங்கிள், இப்பத்தான் உங்களுக்கு அது தெரியும்" என்றார். அவர் குத்தலாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெண்மணி இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். வந்து படிக்கிறார், எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைக்கிறார். ஆனால் இன்றுவரை என்னை ஐயா என்றுதான் கூப்பிடுகிறார். என் போனில் அவர் குரல் இருக்கிறது. "அண்ணே" என்று எழுதிவிட்டு அழுத்தினால் போதும், அப்படியே கூப்பிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் அவராகச் சொல்லும்வரை நான் கேட்கக் கூடாது என்று தோன்றுகிறது, அதனால் இதுவரை எழுதிப் பார்த்ததில்லை.