மீன் மேல வருது

வளைகுடாவில் இருந்த காலமெல்லாம் வீட்டுச் செய்திக்குக் காத்திருந்தேன். ஊரோடு வந்த பிறகும் அதேதான். போன குற்றாலச் சீசனில் மனைவி மூத்த மகளின் பேறுகாலத்துக்காகத் துபாய் போய்விட்டாள். மீன்வளம் படிக்கும் இளையவள், விடுமுறை ஆய்வு என்று விடியுமுன்னே இலஞ்சிப் பக்கத்துக் குளத்துக்குக் கிளம்பிவிடுவாள். தென்காசி வீட்டில் நானும் மின்விசிறியும்.

குளத்தில் வலை கட்டிக் கெண்டைக் குஞ்சுகள் வளர்த்தார்கள். தண்ணீரில் காற்று எவ்வளவு என்று அவள் கருவியில் பார்ப்பாள். தண்ணீரின் நிறத்தையும் மீனின் போக்கையும் வைத்துக் குளத்துக்காரர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்வாள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பது அவள் கேள்வி. நீச்சல் தெரியாதவளுக்குக் குளத்தில் என்ன வேலை என்பது என் கேள்வி.

நாலைந்து நாளாக வெயிலே இல்லை, ஒரே சாரல். ஒரு காலையில் செய்தி வந்தது: ‘மீன் மேல வருது வாப்பா.’ நன்றாக வளர்ந்து துள்ளுகிறது போலும் என்று ‘மாஷா அல்லாஹ்’ போட்டேன்.

தெருவுக்கு வந்த மீன்காரரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்தார்.

“மேல வருதுன்னா, வெயிலில்லாம தண்ணியில காத்து கொறஞ்சு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம் அண்ணாச்சி. குத்தாலத்துக்கு சீசன்னா கொளத்துக்குப் பீட. இந்நேரம் எல்லாரும் உள்ள எறங்கித் தண்ணிய அடிச்சிட்டு கெடப்பாங்க.”

“எல்லாருமா?”

அவள் போன் அணைந்திருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். அருவிக்குப் போகும் வண்டிகள் வழிவிடவில்லை.

குளத்தில் ஏழெட்டுப் பேர் கம்புகளால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே மகளின் முக்காடும் முகமும் மட்டும் தெரிந்தன. கரையில் கூடையோடு நின்ற பெண் சிரித்தாள்.

“ஏட்டி, ஒங்க வாப்பா வந்திருக்காவ. நீ ஏறாட்டா அவுக எறங்கிருவாவ போல!”

“கத்தாதீங்க வாப்பா. கால் தரையிலதான் இருக்கு.”

நான் கத்துவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பாதிக் குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அவள் கரையேறி, சாரலில் நனைந்து அணைந்த போனைத் துடைத்தாள். “பதறிப்போயி கேப்பீங்கன்னு நெனச்சேன். மாஷா அல்லாஹ் போடுதீங்க!” என்று சிரித்தாள். இப்போதும் சாரல் விழுந்தால் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

ஆய்வு முடியும்வரை தினமும் செய்தி அனுப்பினாள்: ‘மீன் கீழ கெடக்கு.’ அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்.

இப்போது அவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இங்கே மறுபடி சீசன். காலையில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

“கீழதான் கெடக்கேன் வாப்பா.”

நீயே சொன்னால் ஆயிற்றா, யார் பார்த்துச் சொன்னது என்று கேட்க வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.