டிவிடெண்ட் வராத செவ்வாய்க்கிழமை

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் வாசல் தெளித்து, பால் காய்ச்சி, இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினேன். தேங்காய் விலை ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் செவ்வாயும் வியாழனும் தக்காளிச் சட்னிதான். ஏழரை மணிக்குக் கணவர் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்தார். எட்டு மணிக்கு நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

"வந்துடுச்சா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"இன்னும் வரல. பகல்ல வரும்."

"எட்டு மணிக்குள்ள வரணும், மேனேஜரம்மா. ராத்திரி எட்டு."

நான் மேனேஜர் இல்லை. வீட்டுப் பணத்தை நான் பார்ப்பதால் அவர் வைத்த பெயர் அது. நல்ல மனநிலையில் இருந்தால் சிரித்துக்கொண்டு சொல்வார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

வர வேண்டியது ஒரு டிவிடெண்ட். ஆறாயிரத்து இருநூறு ரூபாய். எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரு ஓவர்லாக் மெஷின் வேண்டும். துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைப்பது அது. அது இல்லாததால், பள்ளிச் சீருடை தைக்கும்போதெல்லாம் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு வேறு கடைக்குப் போய், உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஓரம் அடித்து வருவார். கூலியில் நாலில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சீருடை காண்ட்ராக்டர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். சொந்த ஓவர்லாக் இருந்தால் ஒரு பள்ளியின் மொத்த ஆர்டரும் கிடைக்கும். இல்லாவிட்டால் பழையபடி சில்லறை வேலைதான்.

உழவர்கரையில் தையல் கடை நடத்திய ஓர் அக்கா, சென்னையில் இருக்கும் மகளோடு போய்த் தங்க முடிவு செய்து தன் மெஷினை விற்பதாக இருந்தார். மோட்டார், மேசையோடு பதினெட்டாயிரத்து ஐந்நூறு. நல்ல மெஷின், நியாயமான விலை. புதன்கிழமை காலை அவர் சாமான் ஏற்ற டெம்போ வருகிறது. செவ்வாய் இரவு எட்டு மணி வரை எங்களுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பனியன் தைக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்.

பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று கணவருடையது: என் சங்கிலியை அடகு வைப்பது. அது ஏற்கெனவே மூன்று முறை அடகுக் கடைக்குப் போய் வந்த சங்கிலி. மூன்றாம் முறை மீட்டபோது கட்டிய வட்டியில் ஒரு மோதிரமே வாங்கியிருக்கலாம். இன்னொரு வழி என்னுடையது. இனிமேல் வீட்டுக்கு எது வாங்கினாலும் கடன் இல்லாமல், சம்பளத்துக்கு வெளியே வரும் பணத்தில்தான் என்று ஜனவரியில் சொன்னேன். அஞ்சலகத்தில் போட்டுவந்த ஆர்.டி. ஒன்று ஜூலையில் முதிர்ந்தது. அதில் ஒன்பதாயிரத்து இருநூறு. கார்டு கேஷ்பேக்கில் மூவாயிரத்து நூறு.

கேஷ்பேக் என்பது கையில் வரும் காசு இல்லை, பில்லில் கழியும், அவ்வளவுதான். அப்படியே விட்டால் அது மளிகையிலும் பெட்ரோலிலும் கரைந்து, வந்ததா இல்லையா என்றே தெரியாமல் போகும். அதனால் பில்லில் எவ்வளவு கழிந்ததோ அவ்வளவை அன்றைக்கே சம்பளக் கணக்கிலிருந்து எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். கழிவைச் சேமிப்பாக மாற்ற இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. மீதி, ஐந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவைத்த பங்குகளின் டிவிடெண்ட். மூன்றும் சேர்ந்தால் சரியாக மெஷின் விலை.

டிவிடெண்ட் திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டும்.

பத்தரை மணிக்கு ஸ்டோர்ஸில் பேரிங் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது டிவிடெண்ட் தர வேண்டிய கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் அனுப்பிய தொகையை உங்கள் வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. காரணம், கணக்குதாரர் பெயர் பொருந்தவில்லை. இரண்டு தடவை படித்தேன். பிறகு பேரிங் பெட்டிகளையும் இரண்டு தடவை எண்ணினேன். முதல் தடவை எண்ணியது மனதில் நிற்கவில்லை.

என்ன நடந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில், எங்கள் பெயர்களில் உகரம் வந்தால் அதை ஆங்கிலத்தில் ஓ, யூ என்று இரண்டு எழுத்தாக எழுதுவார்கள். என் பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. பழைய வங்கிக் கணக்கிலும் அப்படித்தான். பான் கார்டு எடுத்தபோது எழுதிக்கொடுத்தவர் விழுப்புரத்துக்காரர். ஓவை விட்டுவிட்டு யூ மட்டும் போட்டார். பங்குக் கணக்கு பான் கார்டுப்படி. மார்ச் மாதத்தில், சேமிப்பெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று பங்குக் கணக்கை அந்தப் பழைய வங்கிக் கணக்கோடு இணைத்தேன். அதுவரை வேறு வங்கிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த டிவிடெண்ட், இப்போது ஓர் எழுத்துக்காக வாசலிலேயே திரும்பிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, கதிர்காமத்தில் இருக்கும் என் வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும். பான் கார்டையும் பாஸ்புக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், இது நீங்கதான்னு எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

"இன்னா செய்யணும்?"

"ரெண்டு பேருலயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட அபிடவிட் வாங்கிக் குடுங்க. அஞ்சு வேலை நாள்ல பேரை மாத்திடுவோம். வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். சனிக்கிழமை, நம்ம ஊரு இந்தியாவோட சேந்த நாள், இங்க மட்டும் லீவு. அடுத்த வாரக் கடைசின்னு வெச்சிக்குங்க. அதுக்கப்புறம் கம்பெனிக்கு எழுதினா அவங்க திரும்ப அனுப்புவாங்க."

"இன்னிக்கு எதுவும் முடியாதா?"

அவர் எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். கணவர் மெஷினை நிறுத்தினார். பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தார்.

"நீதான் நீன்னு நீயே எழுதிக் குடுக்கணுமா?"

"ஆமா."

"முத்திரைத் தாள்ல?"

"ஆமாங்க."

"ஒரு ஓவுக்கு ஆறாயிரத்து இருநூறு. தங்கத்துல பொறிச்சாக்கூட இவ்ளோ ஆவாதும்மா." எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "அடகுக் கடை எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும். சங்கிலிய கழட்டு."

"வேணாம்."

"உன் டிவிடெண்ட் வர்றதுக்குள்ள எனக்கு ஊசிக் காது தெரியாம போயிடும். அப்புறம் ஓவர்லாக் வாங்கி இன்னா பண்றது? கொடியில துணி காயப் போடவா?"

எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அன்றைக்குச் சங்கிலியைக் கழற்றினால், ஜனவரியிலிருந்து நான் சொல்லிவந்ததற்கு இந்த வீட்டில் இனி மதிப்பு இருக்காது. கழற்றாவிட்டால் மெஷின் போய்விடும், ஆர்டரும் போய்விடும். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பகலில் வங்கியில் எடுத்துவந்த பன்னிரண்டாயிரத்து முந்நூறை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். "முதல்ல அந்தக்காகிட்ட கேட்டுப் பாக்கலாம். மீதியை ரெண்டு வாரத்துல தரேன்னு" என்றேன். அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். சங்கிலி என் கழுத்தில் இருந்தது. கேட்டு நடக்காவிட்டால் நேரே கடைக்குத்தான் போவோம் என்று இருவருக்கும் தெரியும்.

அக்கா வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகியிருந்தது. பனியன்காரர் எங்களுக்கு முன்பே வந்து ஓவர்லாக்கின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் பணம் புடைத்துக்கொண்டு நின்றது.

"மணி ஏழரைதான் ஆவுது" என்றார் என் கணவர்.

"பாக்கறதுக்கு மணி ஏதுப்பா?" என்றார் பனியன்காரர்.

நான் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நான் நாளைக்கு ஊர்லயே இருக்க மாட்டேனேம்மா. ரெண்டு வாரம் கழிச்சு உன்னை எங்க தேடறது? தப்பா நெனைக்காத." நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "கரண்ட் பில்லு பாக்கி நிக்குதும்மா. கட்டின ரசீத காட்டினாத்தான் அட்வான்ஸ் கைக்கு வரும், சொல்லிட்டேன்."

"காலையில ஏழு மணிக்கு டெம்போ வருதுங்க. கரண்ட் ஆபீஸ் தொறக்கறதே பத்து மணிக்கு. நான் எங்க போய் நிப்பேன்?"

"அது உங்க பாடு."

அவர் போனை வைத்ததும் நான் கேட்டேன். "அக்கா, பில்லு எவ்ளோ?"

"கடையும் சேத்துல்ல? மூணு மாசத்துது. ஆறாயிரத்து நானூத்தி எழுவது."

தலைக்குள் ஏதோ சட்டென்று விலகியது போல இருந்தது. "அந்தப் பில்லை நான் இப்பவே கட்டிடறேன். என் கார்டுல. ரசீது இங்கயே வந்துடும். மெஷினுக்கு நான் தர வேண்டியதுல அதைக் கழிச்சிக்குங்க. இருநூத்தி எழுபது மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா சந்தேகமாகக் கேட்டார்: "கார்டுல கட்டினா என் பேர்ல லோன் கீன் வந்துடாதே?"

"என் பேர்லதான் வரும்."

"ரொக்கம் கையில வெச்சிட்டு நிக்கறேன்" என்றார் பனியன்காரர். "எதுக்குக்கா இந்தப் படமெல்லாம்?"

"உங்க ரொக்கத்துக்கு ராத்திரி ஆபீஸ் தொறப்பாங்களா?" என்றார் அக்கா. "கட்டும்மா. ரசீது வந்தா மெஷின் உனக்கு. வரலைன்னா அவருக்கு. யாரும் கோச்சிக்கக் கூடாது."

பில்லில் இருந்த மின் இணைப்பு எண்ணை ஓர் இலக்கம் விடாமல் இரண்டு முறை சரிபார்த்துப் போட்டேன். ஓடிபி வந்தது. போட்டேன். பணம் போய்விட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஆனால் மின்துறையின் இணையப் பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, நிலுவையில் உள்ளது, மீண்டும் முயற்சிக்க வேண்டாம் என்று வந்தது.

கணவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னா சொல்லுது?"

"இருங்க."

"இங்கயும் ஓ கேக்குதா?"

பனியன்காரர் சிரித்தார். பையிலிருந்து பணத்தை எடுத்து, எங்களுக்குத் தெரியும்படி, எண்ண ஆரம்பித்தார். அக்கா மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஆக இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் அந்தப் பக்கத்தை மூடவும் இல்லை, மறுபடி அழுத்தவும் இல்லை. பணமும் போய் மெஷினும் போனால் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. போனை மேசை மேல் வைத்துவிட்டேன்.

ரசீது வந்தபோது இன்னும் எட்டு அடிக்கவில்லை. அக்கா அதை வாங்கி வீட்டுக்காரருக்கு அனுப்பினார். அவர் குரல் பதிவில் பதில் சொன்னார்: "வந்துச்சு. காலையில வந்து வாங்கிக்குங்க." அக்கா எழுந்து பனியன்காரரிடம், "அண்ணே, வெறுங்கையா போவாதீங்க, இந்த ரெண்டு கத்தரிக்கோலை எடுத்துக்குங்க. காசு வேணாம்" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் எடுத்துக்கொண்டு போனார்.

கவரை அக்கா கையில் கொடுத்தேன். இருநூற்றெழுபதை அவர் சில்லறையாக எண்ணித் தந்தார். காலையில் ஆறு மணிக்குள் மெஷினை எடுத்துவிடுவதாகச் சொன்னோம். கணவர் பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து மேசையை அளந்தார்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது கணவர் என் காதருகே குனிந்தார்.

"கார்டு பில்லு எப்ப?"

"செப்டம்பர் ரெண்டாம் வாரம்."

"அதுக்குள்ள டிவிடெண்ட் வந்துடுமா?"

"வரணும்."

"வரலைன்னா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வரலைன்னா சங்கிலிய நானே கழட்டித் தரேன். கார்டு வட்டிக்கு அடகு வட்டி தேவலாம்."

அவர் அதற்கு ஏதாவது சொல்வார், கேலியாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். சிக்னல் மாறியது. "பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முன்னறை வாசலை அளந்தார். மேசையை விட வாசல் இரண்டு விரல் குறைவு; கதவைக் கழற்றினால் மேசை நுழையும்.

புதன்கிழமை காலை நாங்கள் முதலில் செய்த வேலை, அந்த அறையின் கதவைக் கழற்றியது. இன்னும் விடியவில்லை. அவர் கதவை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டூலில் ஏறி, கீலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டேன்.